உறையின் மேல் ஊர்ப்பெயரை எழுதி வையுங்கள்

ரோமானியக் காசு வாங்குகிற, விற்கிற, சேர்த்து வைக்கிற அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபத்தில் வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை ஆல்பங்கள். ஓரத்து மேசை ஒன்றில் பிளாஸ்டிக் டப்பா நிறையச் சின்னஞ்சிறு செப்புக்காசுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் 'ரோமன்' என்று எழுதியிருந்தது. இவை எங்கே கிடைத்தவை என்று மேசைக்குப் பின்னால் இருந்த தம்பியிடம் கேட்டேன். "ஆத்துல கிடைச்சது ஐயா." எந்த ஆறு? "கரூர் அமராவதின்னுதான் சொன்னாங்க. மதுரைப் பக்கம் இருந்து வந்ததையும் இதுலயே போட்டுட்டேன்."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எந்த மன்னன், முகம் தெளிவாக இருக்கிறதா, என்ன விலை என்பதுதான். எங்கே கிடைத்தது என்று கேட்டுக் காசு கொடுப்பவர் நம்மில் எத்தனை பேர்? கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் வைத்திருக்க வேண்டும்? ஆகையால் இந்த மடலை அவருக்கு எழுதவில்லை. வாங்குகிற நமக்கு எழுதுகிறேன்.

நானும் உங்களில் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கு முன் சந்தையில் பழைய பித்தளைச் சாமான் விற்பவரிடம் முதல் ரோமானியக் காசை வாங்கினேன். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புளியைக் கரைத்து ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு பக்கம் மணிமுடிப் பட்டை கட்டிய ஒரு பேரரசனின் முகம் வந்தது. மறுபக்கம் வெற்றித் தேவதை. ஒரு தோளில் போர்வெற்றிச் சின்னத்தைச் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரு கைதியை இழுத்துப் போகிறாள். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் தியோடோசியஸும் அவருடைய பிள்ளைகளும் அடித்த வகை அது, சுற்றிலும் 'நாட்டின் நலம்' என்ற பொருளில் லத்தீன் எழுத்து ஓடும் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தேவதையின் காலடியில், கோட்டுக்குக் கீழே, மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும் என்பதையும் அப்போதுதான் படித்தேன். காசு அலெக்சாந்திரியாவில் அடித்ததா, அந்தியோகியாவிலா, கான்ஸ்டாண்டிநோபிளிலா என்று சொல்வது அந்த எழுத்துகள்தான். என் காசில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. புளி தின்றுவிட்டது.

அந்தக் காசு எந்த நகரத்தில் பிறந்தது என்பதை நான் அழித்தேன். எந்த ஊர் மண்ணில் முடிந்தது என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. விற்றவர் இன்று உயிரோடு இல்லை.

ஒரு காசு தன் உடம்பிலேயே சுமக்கும் செய்திகள் உண்டு: உலோகம், எடை, மன்னன் பெயர், அடித்த ஊர். அவற்றை எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் இருக்கிற அதே அச்சுக் காசிலிருந்தும் படித்துவிடலாம். ஆனால் அமராவதிக் கரையில் இந்த மேட்டில், இத்தனை அடி ஆழத்தில், இன்ன பானையோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அந்த ஒரு காசுக்கு மட்டுமே சொந்தம். அதைக் காசு தானாகச் சொல்லாது. எடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் விட்டால் வேறு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து இரண்டு புதையல்களைச் சொல்கிறேன். இரண்டும் ரோமானியப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலத்தவை, இரண்டும் பணக்காரக் குடும்பங்களின் வெள்ளிச் சாமான்கள். ஒன்றின் மண் நமக்குத் தெரியும். மற்றதன் மண் தெரியாது.

முதலாவது இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் உள்ள ஹாக்ஸன் கிராமத்தில் கிடைத்தது. 1992 நவம்பர் 16. ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோக, அதைத் தேடித்தரும்படி உலோகம் கண்டறியும் கருவி வைத்திருந்த நண்பர் எரிக் லாஸிடம் சொல்கிறார். சுத்தியலைத் தேடப் போனவர் கையில் வெள்ளிக் கரண்டிகளும் தங்க நாணயங்களும் வருகின்றன. சிலவற்றை எடுத்தார், பிறகு தோண்டுவதை நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பெரிது. கை நிறையத் தங்கம் வந்துகொண்டிருக்கும்போது குழியிலிருந்து எழுந்து போய்த் தகவல் சொல்வது லேசான காரியமா? மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை முறையாக அகழ்ந்து எடுத்தார்கள்.

14,865 நாணயங்கள். அவற்றோடு கரண்டிகள், நகைகள், சிறு வெள்ளிச் சிலைகள். எது எதன் பக்கத்தில், எதற்கு அடியில் இருந்தது என்று குறித்துக்கொண்டே எடுத்ததால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளும் கிடைத்தது. அதுதான் பெட்டி. மரம் மக்கிப் போயிருந்தது. ஆனால் கீல்களும், விரல்நுனியில் நிற்கக்கூடிய சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகளும், எலும்புப் பதிப்பு வேலைப்பாட்டின் துணுக்குகளும் இருந்த இடத்தை வைத்து, ஒரு பெரிய பெட்டிக்குள் சிறு பெட்டிகளும் இருந்தன என்று சொல்ல முடிந்தது. வைக்கோலும் துணியும் வைத்துப் பொதிந்திருந்த தடயமும் இருந்தது. யாரோ பதறியடித்து மூட்டை கட்டிப் போட்டுவிட்டு ஓடவில்லை. உட்கார்ந்து, பொறுமையாக, திரும்பி வந்து எடுப்போம் என்ற நம்பிக்கையோடு அடுக்கியிருக்கிறார்கள். கடைசி நாணயங்கள் கி.பி. 407-ஐ ஒட்டியவை. ரோம் தன் படையைப் பிரிட்டனிலிருந்து விலக்கிக்கொண்ட காலம். அந்த வீட்டார் திரும்பி வரவேயில்லை.

அந்தப் பெட்டிக்குள் நான்கு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. அதில் ஒன்று சீமாட்டி ஒருத்தியின் மார்பளவுச் சிலை. அடியில் ஒரு வட்டத் தகடு திரும்பும். ஒரு நிலையில் மிளகுப்பொடி நிரப்பலாம், ஒரு நிலையில் தூவலாம், ஒரு நிலையில் மூடி வைக்கலாம். அந்தக் காலத்தில் கருமிளகு விளைந்து கப்பலேறிய இடம் நம் மேற்குக் கரைதான். பிரிட்டனின் ஒரு குளிர்ந்த கிராமத்து வீட்டில், மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடியில் பறித்த மிளகுக்கு வெள்ளியில் ஒரு பெண் உருவம் செய்து வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எரிக் லாஸுக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது, அவர் அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

இரண்டாவது புதையலுக்கு வருவோம். செவ்சோ புதையல் என்று பெயர். பதினான்கு பெரிய வெள்ளிக் கலங்கள், அவற்றை ஒளித்து வைத்திருந்த ஒரு செப்புக் கொப்பரை. வேட்டைக் காட்சி பொறித்த ஒரு பெரிய தட்டில், 'செவ்சோ, இந்தக் கலங்கள் பல தலைமுறைக்கு உனக்கு நிலைக்கட்டும், உன் சந்ததிக்கும் பயன்படட்டும்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வேலைப்பாட்டில் ஹாக்ஸனைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் அது உலகுக்குத் தெரியவந்தது வயலிலிருந்து அல்ல, 1980-ல் லண்டன் சந்தையிலிருந்து. 1990-ல் நியூயார்க்கில் விற்பனைக்குக் காட்சிப்படுத்தியபோது, லெபனான் நாட்டு ஏற்றுமதிச் சான்றுகள் போலி என்று தெரிந்தது. லெபனான், யூகோஸ்லாவியா, ஹங்கேரி என்று மூன்று நாடுகள் எங்களுடையது என்றன. பிறகு யூகோஸ்லாவியாவின் இடத்துக்குக் குரோஷியா வந்தது. 1993-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அந்த வேட்டைத் தட்டில் 'பெல்சோ' என்று ஒரு சொல் இருக்கிறது, அது ஹங்கேரியின் பாலட்டன் ஏரிக்கு ரோமானியர் வைத்த பெயர். இருந்தும் தட்டில் உள்ள பெயர் வேறு, தட்டு கிடைத்த மண் வேறு அல்லவா? ஹங்கேரி 2014-ல் ஏழு கலங்களையும் 2017-ல் ஏழு கலங்களையும் கோடிக்கணக்கில் பணம் கொடுத்துப் பெற்றுக்கொண்டது. அவற்றைக் கண்டெடுத்தவர் என்று கருதப்படும் இளைஞர் ஒருவர் ராணுவப் பணியில் இருந்தபோதே, 1980-ல், ஒரு நிலவறையில் பிணமாகக் கிடந்தார்.

செவ்சோ யார்? வீடு எங்கே? யாருக்குப் பயந்து புதைத்தான்? கொப்பரைக்குப் பக்கத்தில் நாணயம் ஏதும் இருந்ததா? இருந்திருந்தால் புதைத்த ஆண்டையே சொல்லியிருக்கும். அந்தக் குழியை மூடும்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் அவற்றில் இருக்கிறார்கள். பெரும்பாலான காசுகளில் மன்னனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஓர் ஆழமான வெட்டு இருக்கிறது. ஒன்றிரண்டில் இருந்தால் விபத்து எனலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது ஒரு முடிவு, ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெட்டியிருக்கிறார். இந்தக் காசு இனிக் காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று காட்டவா? தேய்ந்து எடை குறைந்தவற்றை ஒதுக்கவா? அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் வாதிடவாவது முடிகிறது, ஏனென்றால் 501-ம் ஒரே குவியல் என்று பதிவானது. தனித்தனியாகச் சிதறியிருந்தால் வெட்டுப்பட்ட காசு நம் மொழியில் 'டேமேஜ்' ஆகியிருக்கும். முதலில் உருக்கும் சட்டிக்குப் போவதும் அதுதான். 1847-ல் கண்ணூருக்கு அருகே கோட்டயத்தில் கிடைத்த பெரும் தங்கக் குவியலில் நிறைய அப்படித்தான் சட்டிக்குப் போய் நகையானது.

புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டையும் நினைத்துப் பாருங்கள். 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தேடியது தங்கத்தை அல்ல. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பானையோடுகளை. உடைந்த ஓடு, சந்தையில் நாலணா பெறாது. ஆனால் அந்த வகைப் பானை எப்போது செய்தது என்று இத்தாலியில் துல்லியமாகத் தெரியும். அது எந்த மண் அடுக்கில், எந்த உள்ளூர்ப் பானையோடு சேர்ந்து கிடக்கிறது என்று பார்த்தால் உள்ளூர்ப் பானைக்கும் வயது சொல்லிவிடலாம். தென்னிந்தியத் தொல்லியலின் கால வரிசைக்குப் பிடிமானம் கிடைத்தது அப்படித்தான். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அங்கே மீண்டும் அகழ்ந்து, குடியிருப்பு வீலர் நினைத்ததைவிட முன்பே தொடங்கியது, அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது என்று திருத்தினார்கள். அடுக்கு அடுக்காகக் குறிப்பு இருந்ததால்தான் திருத்தவும் முடிந்தது.

எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில், தரையில் பதித்த ஓர் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. கிடங்கில் கிடைத்திருந்தால் அது சரக்கு. கோயிலில் கிடைத்ததால் வழிபாட்டோடு அதற்கு இருந்த தொடர்பை யோசிக்க வேண்டியிருக்கிறது. மிளகு அதே மிளகுதான், இடம்தான் அர்த்தத்தை மாற்றுகிறது.

இப்போது அந்த பிளாஸ்டிக் டப்பாவை மறுபடி பாருங்கள். கரூரிலும் மதுரையிலும் கிடைக்கிற அதே சிறு செப்புக்காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, அவற்றைப் பார்த்து அங்கேயே செய்த நகல் காசுகளும் உண்டு. செங்கடலிலிருந்து இவை நேரே நம் கரைக்கு வந்தனவா, இலங்கை வழியாக வந்தனவா? சந்தையில் சில்லறையாகப் புழங்கினவா, செம்புக்காக மூட்டையாக வந்தனவா? எந்த ஊரில் எந்த வகை எத்தனை என்ற கணக்கு இருந்தால் இதற்கெல்லாம் வழி பிறக்கும். டப்பாவில் கரூரையும் மதுரையையும் கலந்த அந்த நொடியில் அந்தக் கணக்கு போய்விட்டது. ஒரு காசுகூடத் தொலையவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. போனது வரலாறு மட்டும்தான்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஊர்ப்பெயர் எழுதினால் போலீஸ் வருமோ, எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று. சட்டத்தை நேராகப் பார்த்துவிடுவோம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இவை நமக்குப் பொருந்தாதது போல நடந்துகொள்வதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

அதே சமயம் அந்தப் பழைய சட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். அரசு புதையலை எடுத்துக்கொண்டால் கொடுக்க வேண்டியது அதிலுள்ள பொருளின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். ஒரு கிராம் எடையுள்ள செப்புக்காசில் செம்பின் விலை எவ்வளவு இருக்கும்? ஆற்றில் சல்லடை போட்டுச் சலித்துப் பிழைக்கிறவர் எதை நம்பி ஆட்சியர் அலுவலகப் படி ஏறுவார்? இங்கிலாந்தில் 1996-ல் புதையல் சட்டத்தை மாற்றினார்கள், சந்தை மதிப்புக்கு ஈடாக வெகுமதி தருகிறார்கள். புதையல் என்ற கணக்கில் வராத சின்னச் சின்னப் பொருள்களையும் மக்கள் தாமாகக் கொண்டுவந்து பதிவு செய்ய 1997-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பகுதிக்கு ஓர் அலுவலர். பொருளைப் பார்ப்பார், படம் எடுப்பார், கிடைத்த இடத்தைக் குறிப்பார், புதையல் அல்லாதவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். துல்லியமான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் ஆய்வாளர்களுக்கு மட்டும் தருவார்கள், திருடர்கள் அங்கே போய்த் தோண்டாமல் இருப்பதற்காக. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இப்படிப் பதிவாகியிருக்கின்றன. தமிழ்நாட்டிலும் மாவட்டத்துக்கு ஒருவர் இப்படி இருந்தால் என்ன? இதை அரசிடம் கேட்க நமக்கு வாய் வேண்டும். கேட்கிற வாய்க்கு ஒரு தகுதியும் வேண்டும். டப்பாவில் கலந்து வைத்துக்கொண்டு கேட்க முடியாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வாங்கும்போது எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லாத காசை, முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள். நாம் பத்துப் பேர் கேட்டால் மேசைக்காரர் தனக்குக் கொண்டுவருபவரிடம் கேட்பார், அவர் சல்லடைக்காரரிடம் கேட்பார். ஊர், ஆற்றின் எந்தக் கரை, எந்தப் படித்துறைக்கு அருகில், யார் எந்த மாதம் எடுத்தது, கூட வேறென்ன கிடைத்தது, இதெல்லாம் ஒரு நான்கு வரி. காசு இருக்கும் உறையின் மேலேயே எழுதுங்கள். தனி நோட்டில் எழுதினால் காசு ஒரு கைக்கும் நோட்டு ஒரு கைக்கும் போய்விடும். ஒரே இடத்தில் கிடைத்தவற்றை விலைக்காகப் பிரிக்காதீர்கள். புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். மண்ணோடு இருக்கட்டும், அந்த மண்ணும் சான்றுதான். புதிதாகக் குவியல் கிடைத்ததாகச் செய்தி காதில் விழுந்தால், வாங்க ஓடுவதற்கு முன் வட்டாட்சியருக்கோ அருகில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர்கள், வாங்கிய ஆளும் நினைவும் இருக்கும்போதே உட்கார்ந்துவிடுங்கள். நான் போன வாரம் உட்கார்ந்தேன். என்னிடம் 43 காசுகள். ஒவ்வொரு உறையாக எடுத்து, யாரிடம் வாங்கினேன், அவர் என்ன சொன்னார் என்று யோசித்து எழுதினேன். சந்தேகம் வந்த இடத்தில் பழைய ஆட்கள் இருவருக்குப் போன் போட்டேன். ஒருவர் தன் அண்ணன் கரையில் எந்த இடத்தில் சலித்தார் என்று அடையாளம் சொன்னார், அதனால் மட்டும் ஐந்து உறைகள் நிரம்பின. மொத்தம் பதினேழு உறைகளில் ஊர்ப்பெயர் இருக்கிறது. இருபத்தைந்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். கடைசி ஒன்று, அந்த முதல் காசு. அதில் 'சந்தை, இடம் கேட்கவில்லை, புளியில் தேய்த்தது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தேன். பட்டியலோடு இந்த மாதம் எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போகிறேன். உங்களில் யார் வருவதானாலும் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு பழைய சேகரிப்பாளன்